இரண்டு வருடத்தில் நான்கு முறை விட்டுவிட்டேன்: இது முழுக்க என் தப்பா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வயது 38. இரண்டு வருடத்தில் நான்கு முறை உடற்பயிற்சியைத் தொடங்கி, நான்கு முறையும் ஆறாவது அல்லது ஏழாவது வாரத்தில் விட்டிருக்கிறீர்கள். நடுவில் 4 கிலோ குறைந்து, பிறகு 5 கிலோ ஏறியிருக்கிறது. உங்களோடு ஒரே நாளில் சேர்ந்த நண்பர் அதே அட்டவணையைப் பின்பற்றி ஆளே மாறிவிட்டார். டிரெய்னரிடம் பேசிப் பார்த்தபோது, "சாக்குச் சொல்லாதீங்க, உங்க உடம்புக்கு நீங்கதான் பொறுப்பு" என்று முடித்துவிட்டார். அதற்கப்புறம் நீங்கள் ஜிம் பக்கமே போகவில்லை. "அவர் சொன்னது சரிதானா, எல்லாம் என் தப்பா? அப்படியானால் பொறுப்பெடுத்துக்கொள்வது என்றால் என்னதான் செய்வது?" என்று கேட்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒன்று தீர்ப்பு கேட்கிறது, மற்றொன்று வழி கேட்கிறது. உங்களைத் தூங்கவிடாமல் செய்வது முதல் கேள்வி என்பது நீங்கள் எழுதியிருக்கும் விதத்திலேயே தெரிகிறது. உங்களுக்கு உதவப்போவது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் பிசியோதெரபி படித்தவன். வலியோடு வருகிறவர்கள், எடை குறைக்க வருகிறவர்கள், வாழ்க்கையில் முதல்முறையாகப் பயிற்சி தொடங்குகிறவர்கள் என்று 19 வருடமாகப் பலரோடு வேலை செய்து வருகிறேன். நான் மருத்துவன் இல்லை. உங்களை நேரில் பார்த்ததும் இல்லை, உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவுகள் என் முன்னால் இல்லை. அதனால் உறுதியாகத் தெரிந்ததை உறுதியாகவும், ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருப்பதை அந்த நிலையிலேயேயும் சொல்கிறேன்.

பழியையும் பொறுப்பையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதைத்தான் என் வேலையில் மிக அதிகமாகப் பார்க்கிறேன். பழி என்பது நடந்து முடிந்ததைப் பற்றிய பேச்சு. கெடுத்தது யார் என்று ஆள் தேடும். பொறுப்பு என்பது இனி நடக்க வேண்டியதைப் பற்றியது. இதைச் சுமக்கப்போவது யார் என்று கேட்கும். 'பொறு' என்ற வினைக்கே தாங்குதல், சுமத்தல் என்றுதான் பொருள். பொறுமையும் பொறுப்பும் அந்த ஒரே வேரில் பிறந்தவை. விபத்தில் முழங்கால் அடிபட்டு என்னிடம் வருகிற ஒருவர் அந்த விபத்துக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் வலுவிழந்த தொடைத்தசையை மறுபடி வலுவாக்கும் பயிற்சியை அவருக்குப் பதிலாக வேறு யாராலும் செய்ய முடியாது. அவர்மேல் பழி துளியும் இல்லை, பொறுப்பு முழுக்க அவருடையது. உங்கள் டிரெய்னர் பொறுப்பு என்ற சொல்லைச் சொன்னார். உங்கள் காதில் விழுந்தது பழி. அவர் குரலிலும் பழிதான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்றால், தொழிலுக்கு வந்த முதல் சில வருடங்கள் நானும் அதே வாசகத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்டிப்பாக இருந்தால்தான் ஆட்கள் முன்னேறுவார்கள் என்று நம்பினேன். ஒழுங்காக வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி திடீரென்று நின்றுவிட்டார். பல மாதம் கழித்துத் தற்செயலாகச் சந்தித்தபோதுதான் காரணம் தெரிந்தது. அவருக்கு மூன்று வாரமாகத் தோள்பட்டையில் வலி இருந்திருக்கிறது. சொன்னால் நான் சாக்கு என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து, வலியோடு செய்துபார்த்து, முடியாமல் நின்றிருக்கிறார். இரண்டு பயிற்சிகளை மாற்றிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும். எனக்குக் கிடைக்க வேண்டிய தகவல் எனக்கு வராமல் போனதற்கு என் வாயே காரணம். பழி பேசுகிற இடத்தில் உண்மை வெளியே வராது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். தன்னைத்தானே பழித்துக்கொள்கிறவருக்கும் இது பொருந்தும். எடை பார்க்கும் இயந்திரத்தைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுவார், கண்ணாடியைத் தவிர்ப்பார், விட்ட நாட்களை எண்ண மாட்டார். நீங்கள் ஜிம் பக்கமே போகாமல் இருப்பதும் இந்த வகைதான்.

ஆராய்ச்சியிலும் இதற்குக் கொஞ்சம் ஆதாரம் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்றில், மாணவர்களுக்குக் கடினமான ஒரு சொல்வளத் தேர்வு வைத்தார்கள். தேர்வில் தடுமாறியதை எண்ணித் தங்களிடமே கொஞ்சம் கனிவாக இருக்கச் சொல்லப்பட்டவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். தன்னை மன்னித்துக்கொண்டால் சோம்பேறி ஆகிவிடுவோம் என்ற பயத்துக்கு நேர் எதிரான முடிவு இது. ஆனால் இது தேர்வறையில் மாணவர்களிடம் பார்த்தது. பல மாதம் நீளும் உடற்பயிற்சிக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. என் அனுபவம் அதே பக்கம் சாய்கிறது, அவ்வளவுதான் சொல்வேன்.

இப்போது உங்கள் நண்பரின் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் உங்களை அதிகம் காயப்படுத்தியிருப்பது அந்த ஒப்பீடுதான். ஒரே பயிற்சி எல்லா உடம்பிலும் ஒரே பலனைத் தராது. இது நிச்சயம். 2005-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 585 பேர் 12 வாரம் ஒரே மாதிரியான கைப் பயிற்சியைச் செய்தார்கள். சிலருக்குப் புயத்தசையின் அளவில் மாற்றமே இல்லை. ஒருவருக்கு 59 சதவீதம் பெருத்தது. நடுவில் எல்லா அளவுகளிலும் ஆட்கள் இருந்தார்கள். ஹெரிடேஜ் குடும்ப ஆய்வு என்று இன்னொன்று. குளோட் புஷார் குழுவினர் பெற்றோரையும் பிள்ளைகளையும் சேர்த்து 20 வாரம் சைக்கிள் பயிற்சி செய்யவைத்து, ஆளுக்கு எவ்வளவு தாக்குப்பிடிக்கும் திறன் கூடுகிறது என்று அளந்தார்கள். உடம்பு அதிகபட்சமாகப் பயன்படுத்தும் ஆக்சிஜனின் அளவு சராசரியாக நிமிடத்துக்கு சுமார் 400 மில்லிலிட்டர் கூடியது. ஆனால் சிலருக்குக் கிட்டத்தட்ட எதுவுமே கூடவில்லை, சிலருக்கு ஒரு லிட்டருக்கும் மேல். இந்த வேறுபாட்டில் ஏறத்தாழ பாதி, குடும்ப வழியாக வருவது என்று 1999-இல் கணக்கிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, "அப்ப என் உடம்புக்கு எதுவும் ஒட்டாது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இங்கேதான் விவாதம் இருக்கிறது. சிலருக்குப் பயிற்சி வேலையே செய்யாது என்பதை எல்லோரும் ஏற்கவில்லை. மொண்டேரோ, லுண்ட்பி என்ற இருவர் 2017-இல் செய்த ஆய்வில், 78 பேரை வாரத்துக்கு ஒரு நாளில் தொடங்கி ஐந்து நாள் வரை வெவ்வேறு அளவில் ஆறு வாரம் பயிற்சி செய்யவைத்தார்கள். குறைந்த நாட்கள் செய்த குழுக்களில் பலருக்கு முன்னேற்றம் தெரியவில்லை. நான்கு, ஐந்து நாட்கள் செய்த குழுக்களில் அப்படி ஒருவரும் இல்லை. முன்னேற்றம் தெரியாதவர்களுக்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் கூட்டி இன்னொரு ஆறு வாரம் கொடுத்தபோது எல்லோருக்கும் பலன் தெரிந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது இது: வேகம் உங்கள் கையில் இல்லை, திசை பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. உங்கள் நண்பருக்கு மூன்று மாதத்தில் வந்தது உங்களுக்கு ஏழு மாதத்தில் வரலாம், வேறு அளவில், வேறு வடிவில் வரலாம்.

நீங்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன ஒன்று என்னை உறுத்துகிறது. உங்களுக்கும் நண்பருக்கும் டிரெய்னர் ஒரே அட்டவணையைக் கொடுத்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வேறு உடம்புகள், இரண்டு வேறு தூக்கம், இரண்டு வேறு வேலை நேரம், ஒரே தாள். உங்களுக்குப் பழைய காயம் ஏதாவது உண்டா, எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா, போன தடவை ஏன் நின்றீர்கள் என்றெல்லாம் அவர் கேட்டாரா? நீங்கள் தூக்கிய வெயிட்டையும் செட்களையும் வாராவாரம் எழுதிவைத்து, அதைப் பார்த்து அட்டவணையை மாற்றினாரா? இல்லையென்றால் அவர் தன் பங்குப் பொறுப்பைச் செய்யவில்லை. நான்கு முறையும் அதே வாரத்தில் ஒருவர் விழுகிறார் என்றால் பயிற்சியாளர் முதலில் பார்க்க வேண்டியது அந்த வாரத்தை. அதற்குப் பதிலாக அவர் உங்கள்மேல் பழியைப் போட்டிருக்கிறார்.

சரி, இனி இரண்டாவது கேள்வி. பொறுப்பெடுத்துக்கொள்வது என்றால் நடைமுறையில் என்ன?

என் கணக்கில், விளைவுக்குப் பொறுப்பேற்பதை விட்டுவிட்டுச் செயலுக்குப் பொறுப்பேற்பதில் அது தொடங்குகிறது. "மூன்று மாதத்தில் 10 கிலோ குறைப்பேன்" என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது, ஏனென்றால் அந்த எண்ணில் உங்கள் உடம்புக்கும் ஒரு ஓட்டு இருக்கிறது. "செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரைக்கு 40 நிமிடம்" என்று வாக்குக் கொடுக்கலாம். அதைக் காப்பாற்றினீர்களா இல்லையா என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. எடையை மட்டும் வைத்து உங்களை அளந்துகொண்டால், நன்றாக நடந்துகொண்ட வாரத்துக்குத் தண்டனையும், அலட்சியமாக இருந்த வாரத்துக்குப் பரிசும் கிடைக்கும். தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைகோஜன் (உடம்பு சர்க்கரையைச் சேர்த்துவைக்கும் வடிவம்), கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்துவைத்துக்கொள்ளும். உப்பு, மாதவிடாய்ச் சுழற்சி, முந்தின நாள் கடுமையான பயிற்சி எல்லாமே தண்ணீரை ஏற்றி இறக்கும். ஓரிரண்டு கிலோ ஒரு வாரத்துக்குள் ஏறி இறங்குவது கொழுப்பைப் பற்றி எதையும் சொல்வதில்லை. எடை பார்க்கவே கூடாது என்று சொல்லவில்லை. பார்த்தால் நான்கு வாரச் சராசரியைப் பாருங்கள்.

அடுத்தது பதிவு. இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறுப்பு என்ற சொல்லுக்கு என் தொழிலில் மிக நெருக்கமான பொருள் இதுதான். 1992-இல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. என்ன செய்தும் எடை குறையவில்லை, குறைவாகத்தான் சாப்பிடுகிறோம் என்று சொன்ன பத்துப் பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் உடம்பு உண்மையில் எவ்வளவு ஆற்றலைச் செலவழிக்கிறது என்பதை, ஐசோடோப்பு கலந்த தண்ணீரைக் குடிக்கவைத்து அளக்கும் துல்லியமான முறையில் கண்டுபிடித்தார்கள். அவர்களுடைய வளர்சிதை மாற்றத்தில் கோளாறு எதுவும் இல்லை. சாப்பிட்டதைச் சராசரியாக 47 சதவீதம் குறைத்தும், உடலுழைப்பை 51 சதவீதம் கூட்டியும் சொல்லியிருந்தார்கள். தயவுசெய்து இதைப் பொய் என்று படிக்காதீர்கள். அவர்கள் நம்பியதைத்தான் சொன்னார்கள். மனிதனின் கண்ணளவு அப்படித்தான் வேலை செய்கிறது, என் கண்ணளவும் அப்படித்தான். பத்தே பேர் என்பதால் அந்தச் சதவீதங்களை எல்லோருக்கும் பொருத்த முடியாது. ஆனால் நாம் குறைத்துத்தான் சொல்வோம் என்பது அதற்குப் பிறகு வந்த பல ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது.

எழுதிவைப்பது உதவுகிறதா என்று கேட்டால், உதவுகிறது என்றுதான் பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் ஏறக்குறைய 1,700 பேரை வைத்து 2008-இல் வெளியான ஓர் ஆய்வில், வாரத்தில் ஆறு நாளோ அதற்கு மேலோ சாப்பாட்டைக் குறித்துவைத்தவர்கள், ஒரு நாள் மட்டும் குறித்தவர்களையும் குறிக்காதவர்களையும் போலச் சுமார் இரண்டு மடங்கு எடை குறைத்தார்கள். இதிலும் ஒரு சந்தேகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒழுங்காக எழுதுகிறவர் ஏற்கெனவே மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பவராக இருக்கலாம். எழுதியதால்தான் குறைந்தது என்று இந்த ஒரு ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. சாப்பாட்டை எழுதத் தொடங்கினால் உணவைப் பற்றிய பதற்றம் கூடுகிற சிலரையும் நான் பார்த்திருக்கிறேன். அப்படி ஆகிறது என்று தெரிந்தால் அதை உடனே நிறுத்திவிட்டு, பயிற்சியை மட்டும் எழுதுங்கள். பதிவு என்பது தகவலுக்காக. உங்களைத் திட்டுவதற்கு இன்னொரு ஆளாக அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது அந்த ஆறாவது வாரம். என்னிடம் வந்தவர்களில் நிறையப் பேர் விழுந்த இடம் அது. முதல் சில வாரங்களில் தூக்கும் வெயிட் வேகமாக ஏறும். அது பெரும்பாலும் தசை வளர்ந்ததால் இல்லை, இருக்கும் தசையை நரம்பு மண்டலம் நன்றாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதால். கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் அதற்குப் பிறகுதான் மெதுவாக வரும். ஆக, ஐந்து, ஆறு வாரத்தில் புதுமை தீர்ந்துபோயிருக்கும், ஏற்றம் குறைந்திருக்கும், கண்ணாடியில் இன்னும் எதுவும் தெரியாது. அந்த நேரம் பார்த்து ஒரு காய்ச்சலோ, வேலை நெருக்கடியோ, வீட்டில் ஒரு விசேஷமோ வந்து இரண்டு நாள் விட்டுப்போகும். "போச்சு, மறுபடி விட்டுட்டேன்" என்று மனசு சொல்லும். இரண்டு நாள் இரண்டு மாதம் ஆகிவிடும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், முகம் மாறியதற்குத் தன் நோயாளிகள் பழகிக்கொள்ள எடுத்த காலத்தைப் பற்றி 1960-இல் எழுதிய கருத்து காதுவழியாகத் திரிந்து இப்படி ஆனது. பிலிப்பா லாலியும் அவருடன் பணியாற்றியவர்களும் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 96 பேரை வைத்து இதை உண்மையாகவே அளந்து 2010-இல் வெளியிட்டார்கள். ஒரு செயல் யோசிக்காமலே நடக்கிற அளவுக்கு வர நடுவான கணக்கு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஆய்வு நடந்ததே 84 நாள்தான். அதனால் பெரிய எண்கள் எல்லாம் வரைகோட்டை நீட்டிப் போட்ட மதிப்பீடுகள். உடற்பயிற்சியைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, சாப்பாடு, தண்ணீர் சம்பந்தமான பழக்கங்களைவிடக் கூடுதல் காலம் ஆனது. எனக்கு இதில் மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைக் குறிப்பிடத்தக்க அளவில் கெடுக்கவில்லை. நீங்கள் நான்கு முறை விட்டதும், பழக்கம் பிடிக்கத் தேவைப்படும் காலத்துக்கு முன்பே. குணத்தில் குறை என்று நீங்கள் எழுதியிருந்த வரியை அழித்துவிடலாம்.

உடம்பும் அவ்வளவு சீக்கிரம் எல்லாவற்றையும் தொலைத்துவிடாது. மூச்சு சம்பந்தமான திறன் இரண்டு வாரத்தில் இறங்கத் தொடங்கும், உண்மைதான். தசை வலிமை மூன்று, நான்கு வாரம் வரை பெரும்பாலும் நிற்கும்.

விட்டுப்போகும் நாளுக்கு முன்கூட்டியே வழி செய்துவைப்பதுதான் இங்கே உங்கள் வேலை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்த ஒரு முறை இருக்கிறது. எங்கே, எப்போது, எப்படி என்று முன்னதாகவே எழுதிவைப்பது, இப்படி நேர்ந்தால் இதைச் செய்வேன் என்று முடிவுகட்டிவைப்பது. 2002-இல் 248 மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். வாரத்தில் ஒரு முறையாவது உடற்பயிற்சி செய்தவர்கள், எதுவும் சொல்லப்படாத குழுவில் 38 சதவீதம். உடற்பயிற்சியின் நன்மைகளை எடுத்துச்சொல்லி உற்சாகப்படுத்திய குழுவில் 35 சதவீதம். அந்த உற்சாகத்தோடு நாள், நேரம், இடத்தை எழுதவும் வைத்த குழுவில் 91 சதவீதம். அவர்களே சொன்னதை வைத்துக் கணக்கிட்டது, கேட்டதும் வாரத்துக்கு 20 நிமிடம்தான். அதனால் ஒரு வருடத்துக்கு இதே பலன் நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மோட்டிவேஷன் பேச்சு தனியாகப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். என் அனுபவமும் அப்படியேதான்.

மனவுறுதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அது ஒரு தொட்டி மாதிரி, நாள் முழுக்கச் செலவழித்தால் மாலையில் வற்றிவிடும் என்று 1998-இலிருந்து ஒரு கருத்து மிகப் பிரபலமாக இருந்தது. 2016-இல் 23 ஆய்வகங்கள் சேர்ந்து சுமார் 2,100 பேரிடம் சோதித்தபோது அந்த விளைவு கிட்டத்தட்டப் பூஜ்யமாக வந்தது. இன்றைக்கும் இதில் கருத்து வேறுபாடு இருக்கிறது. எந்தப் பக்கம் சரியாக இருந்தாலும், மனவுறுதி தேவைப்படாத மாதிரி ஏற்பாடு செய்துகொள்வது புத்திசாலித்தனம். ஷூவை முந்தின இரவே எடுத்துவைப்பது, வேலையிலிருந்து வீட்டுக்கு வந்து உட்காராமல் நேரே பயிற்சிக்குப் போவது, 40 நிமிடம் இல்லாத நாளுக்கு 10 நிமிட வடிவம் ஒன்றைத் தயாராக வைத்திருப்பது. இதெல்லாம் சின்ன விஷயம் மாதிரித் தெரியும். 19 வருடத்தில் நீண்ட காலம் தாக்குப்பிடித்த ஆட்களை எண்ணிப்பார்த்தால், அவர்களில் பெரும்பாலோர் ஏற்பாட்டில் கெட்டிக்காரர்கள். மனவுறுதியில் அவர்கள் உங்களையும் என்னையும் போலத்தான்.

பொறுப்பு என்றால் தனியாகச் செய்வது என்று நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவில் நீரிழிவுத் தடுப்பு ஆய்வு என்று ஒன்று நடந்து, 2002-இல் முடிவு வெளியானது. நீரிழிவு வரும் அபாயத்தில் இருந்த 3,234 பேர். உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பது, வாரத்துக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி என்ற இலக்குகளோடு வாழ்க்கை முறையை மாற்றிய குழுவில் நீரிழிவு வருவது 58 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை எடுத்த குழுவில் 31 சதவீதம். மாத்திரையைவிட நடைமுறை மாற்றம் அதிகம் சாதித்தது என்று இதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆய்வில் அவர்கள் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு வழிகாட்டி இருந்தார், முதல் ஆறு மாதத்திலேயே 16 முறை நேரில் உட்கார்ந்து பேசினார் என்பதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். உழைத்தது அவர்கள். தாங்கிப்பிடிக்க ஆள் இருந்தது. உதவி கேட்பதும் பொறுப்பெடுத்துக்கொள்வதில் அடக்கம்.

மருத்துவரைப் பார்ப்பதும் அப்படித்தான். தைராய்டு சுரப்பு குறைவு, பிசிஓஎஸ் (பெண்களுக்கு வரும் ஒரு ஹார்மோன் கோளாறு), தூக்கத்தில் மூச்சு தடைப்படுதல், மனச்சோர்வு, ஸ்டீராய்டு, இன்சுலின், சில மனநல மருந்துகள் எல்லாமே எடையையும் தெம்பையும் பாதிக்கக்கூடியவை. ஒழுங்காகச் செய்தும் களைப்பு தீரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் இங்கிருந்து கணிக்கக் கூடாது. மறுபடி தொடங்குவதற்கு முன்னால் ஒரு பொதுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். அங்கே தாக்குப்பிடிப்பது வீரம் இல்லை.

குறைந்த 4 கிலோ 5 ஆகத் திரும்பியதைப் பற்றி ஒரு வார்த்தை. எடை குறையும்போது உடம்பு, குறைந்த எடைக்கு ஏற்ற அளவைவிடக் கூடுதலாகவே தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது, பசியும் கூடுகிறது. ரூடால்ஃப் லைபல் குழுவினர் 1995-இல் உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தவர்களிடம் இதை அளந்து காட்டினார்கள். இது எவ்வளவு காலம் நீடிக்கும், 4 கிலோ மாதிரிச் சிறிய குறைவுக்கு எவ்வளவு பொருட்படுத்தத்தக்கது என்பதில் ஆராய்ச்சியாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எப்படியானாலும், பயிற்சியையும் கட்டுப்பாட்டையும் ஒரே நாளில் இரண்டையும் விட்டால் எடை திரும்புவது எதிர்பார்க்க வேண்டியதே. அதற்காக வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மறுபடி தொடங்குவதாக இருந்தால் நான் இப்படிச் செய்யச் சொல்வேன். முதல் நான்கு வாரத்துக்கு வாரத்தில் மூன்று நாள் போதும். உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, கூடவே இரண்டு நாளாவது தசைப் பயிற்சி. அது போய்ச் சேர வேண்டிய இடம், புறப்படும் இடமாக இருக்க வேண்டியதில்லை. கொஞ்சம் செய்வதும் ஒன்றுமே செய்யாததைவிட நல்லது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடம் இருக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் எடுத்துவிட்டார்கள். ஒரு நோட்டு வாங்கி, செய்த நாள், செய்தது என்ன, தூக்கம் எத்தனை மணி நேரம், வலி ஏதாவது உண்டா என்று நான்கே குறிப்பு எழுதுங்கள். விட்ட நாளையும் எழுதுங்கள், பக்கத்தில் காரணத்தை ஒரே வரியில், பெயரடை எதுவும் போடாமல். "சோம்பேறித்தனம்" என்று எழுதாதீர்கள், "இரவு ஒன்றரைக்குத் தூங்கினேன்" என்று எழுதுங்கள். முதலாவதை வைத்து எதையும் மாற்ற முடியாது, இரண்டாவதை மாற்ற முடியும்.

புது டிரெய்னரிடம் போனாலும் பழையவரிடமே போனாலும் அந்த நோட்டை முதல் நாளே கையில் கொடுத்து, "நான் நாலு தடவை ஆறாவது வாரத்துல நின்னிருக்கேன், அந்த வாரத்துக்கு என்ன வச்சிருக்கீங்க?" என்று கேளுங்கள். அவர் கேட்டுவிட்டு யோசித்தால் நல்ல ஆள். சிரித்துத் தள்ளிவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். அப்புறம் ஆறாவது, ஏழாவது வாரத்துக்கான திட்டத்தை இன்றைக்கே எழுதிவையுங்கள், முன்னால் உள்ள வாரங்களைவிட இலேசாக: இரண்டே நாள், 20 நிமிடம், பாதி வெயிட், புதிதாக எதுவும் கிடையாது. அந்த இரண்டு வாரத்தில் முன்னேற வேண்டியதில்லை, ஆள் வந்து நின்றால் போதும். எட்டாவது வாரம் நோட்டோடு எனக்கு எழுதுங்கள், அதில் இருப்பதைப் பார்த்து மேற்கொண்டு எதைக் கூட்டுவது என்று பேசுவோம்.